வீட்டில் எவ்வளவு கோழிக்கறி போகிறது, ஏன்: பெங்களூருத் தமிழ்க் குடும்பங்கள் கணக்கெடுக்கும் முறை

கோழிக்கறி சாப்பிடுவது முன்னைவிடக் கூடிவிட்டது என்று எல்லா வீட்டிலும் சொல்கிறார்கள். எவ்வளவு கூடியது, எதனால் கூடியது என்று கேட்டால் பதில் வருவதில்லை. அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ குடியிருக்கும் ஒரு குடும்பம் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டே இதைக் கண்டறிந்துவிடலாம். ஆனால் எந்த எடையை எழுதுவது என்பதை முதலிலேயே தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

கறிக்கடைப் பலகையில் உயிர்க்கோழி, தோலுடன், தோல் உரித்தது என்று மூன்று விலைகள் இருக்கும். இரண்டு கிலோ உயிர்க்கோழியில் இறகு, தலை, கால், குடல், தோல் எல்லாம் போகப் பையில் விழுவது ஏறத்தாழ 1.3 கிலோ முதல் 1.4 கிலோ வரைதான். அதிலும் கால் பங்கு எலும்பு. செயலியில் வாங்கும் அரைக் கிலோ போன்லெஸ்ஸோ முழுக்கச் சதை. இவற்றை அப்படியே கூட்டினால் கணக்குக்குப் பொருளே இராது. ஆகவே அனைத்தையும் தோல் உரித்த, எலும்போடு கூடிய எடைக்கு மாற்றி எழுதுங்கள்: உயிர் எடையில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக்கொள்ளுங்கள், தோலுடன் வாங்கியதில் பத்தில் ஒரு பங்கைக் கழியுங்கள், போன்லெஸ் எடையோடு அதில் மூன்றில் ஒரு பங்கைச் சேருங்கள்.

வெளியில் சாப்பிடுவதுதான் எப்போதும் விடுபட்டுப்போகும். தெருமுனைக் கபாப் ஒரு பிளேட்டை ஒருமுறை பார்சல் வாங்கிவந்து சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள். பொரிக்கும்போது கறியிலிருந்து நீர் வற்றும், மேல்மாவு எடையைக் கூட்டும். இரண்டும் ஓரளவு ஈடாகிவிடும் என்று கொண்டு அந்த எடையையே எழுதலாம். பிரியாணிக்குத் துண்டுகளை மட்டும் தனியே எடுத்து நிறுத்தால் போதும். பிறகு பிளேட்டுகளை எண்ணினாலே கணக்கு வந்துவிடும். முட்டையை இதில் சேர்க்க வேண்டாம்.

எத்தனை நாளைக்கு எழுதுவது என்பதற்கு அரசின் குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பே வழிகாட்டுகிறது. 2022-23 கணக்கெடுப்பில் முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றைப் பற்றிக் கடந்த 7 நாட்களை மட்டுமே கேட்டார்கள், ஏனென்றால் அதற்கு முந்தியது யாருக்கும் சரியாக நினைவில் இருப்பதில்லை. ஆனால் அந்தக் கணக்கெடுப்பையே 2022 ஆகஸ்ட் முதல் 2023 ஜூலை வரை ஓராண்டுக்குப் பரப்பி நடத்தினார்கள். நீங்களும் மாதத்திற்கு ஒரு வாரம் என ஓராண்டு எழுதுங்கள். புரட்டாசியில் எடுத்த ஒரு வாரத்தை வைத்து ஆண்டு முழுவதையும் மதிப்பிட்டால் அந்த வீடு சைவ வீடாகவே தோன்றும்.

இந்த ஊரில் நாட்காட்டி நமக்கு இரட்டிப்பாக வேலை செய்கிறது. ஆடி அமாவாசைக்கு மறுநாள் தொடங்கும் சிராவணம் என்ற சந்திர மாதத்தில் கன்னடக் குடும்பங்கள் பலவற்றில் அசைவம் நின்றுவிடுவதால் கோழி விலை பெரும்பாலும் இறங்கும். நமக்கு விரதம் புரட்டாசியில்தான். இடைப்பட்ட ஆவணியில் நம் வீட்டு எடை ஏறினால் அதற்குக் காரணம் பசியன்று, பலகை விலை. கோடையில் நிலைமை தலைகீழாகும்: வெயிலில் கோழி தீனி குறைவாக எடுத்து மெதுவாக வளர்வதாலும், பண்ணையில் இறப்பு கூடுவதாலும் வரத்து குறைந்து விலை ஏறும். யுகாதிக்கு மறுநாள் வரும் ஹொசதொடக்கு ஆட்டுக்கறியின் நாள். அன்றைய எடையைக் கோழிப் பக்கத்தில் தேடாதீர்கள்.

இனி காரணம். கோழி எடைக்குப் பக்கத்தில் அதே நாளின் ஆட்டுக்கறி விலையையும், வாங்கிய அளவையும் எழுதுங்கள். பிராய்லர் குஞ்சு ஆறு வாரத்தில் இரண்டு கிலோ ஆகிறது; ஒரு கிலோ உயிர் எடைக்கு ஒன்றே முக்கால் கிலோவுக்குள் தீனி போதும். ஆட்டில் இந்த வேகம் கிடையாது. உடுமலை, பல்லடம் வட்டாரத்தில் வேரூன்றிய ஒப்பந்தப் பண்ணை முறை (நிறுவனம் குஞ்சும் தீனியும் கொடுக்க, விவசாயி கூலிக்கு வளர்ப்பது) இந்த வேகத்தைத் தென்னிந்தியா முழுவதற்கும் மலிவாக்கியது. கோழி ஏற ஆடு இறங்கினால் ஒன்றின் இடத்தை மற்றொன்று பிடித்திருக்கிறது. இரண்டும் ஏறினால் வருமானம் கூடியிருக்கிறது. வெளிச் சாப்பாட்டுக் கோழி மட்டும் ஏறினால், என் கணிப்பில், சமைக்க நேரமில்லை என்பதே முதற்காரணம்.

அச்சத்தால் வரும் சரிவையும் தனியே குறியுங்கள். 2020இன் தொடக்கத்தில் கொரோனா வதந்தியால் விலை வீழ்ந்தது. 2025இல் சிக்கபள்ளாப்பூர் மாவட்டத்தில் பறவைக் காய்ச்சல் கண்டறியப்பட்டது. நடுப்பகுதிவரை 70 டிகிரி செல்சியஸ் சூடேறினால் அக்கிருமி அழிந்துவிடும் என்பதால், நம் குழம்புக் கொதியில் கவலைக்கு இடமில்லை.

ஒப்பிட ஓர் அளவுகோலும் வேண்டும். 2022-23இல் இந்தியாவில் உற்பத்தியான கோழியின இறைச்சி ஏறத்தாழ 50 லட்சம் டன், அதாவது தலைக்கு மூன்றரைக் கிலோ. சாப்பிடாதவர்களையும் சேர்த்து வகுத்த எண் இது. ஞாயிறுதோறும் ஒரு கிலோ வாங்கும் நால்வர் வீட்டில் ஆண்டுக்குத் தலைக்கு 13 கிலோ ஆகிறது. அமெரிக்காவில் அது 40 கிலோவுக்கும் மேல்.

அடுத்த ஆண்டோடு ஒப்பிடும்போது ஆங்கில மாதத்தை நம்ப வேண்டாம். 2023இல் அதிக மாதம் (சந்திர நாட்காட்டியில் சில ஆண்டுகளில் கூடுதலாகச் சேரும் மாதம்) வந்ததால் சிராவண விரதம் ஆகஸ்ட் நடுவில் தொடங்கியது. 2024இல் ஆகஸ்ட் முதல் வாரத்திலேயே தொடங்கிவிட்டது. நோட்டின் ஓரத்தில் அந்தத் தேதியையும் குறித்து வையுங்கள்.