14.10 என்று எழுதாதீர்கள்: அளவெடுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் புதிதாகக் கட்டட வேலைக்கு வந்த பையன் ஓர் அறையை அளந்து நோட்டில் 12.6 என்று எழுதினான். பன்னிரண்டரை அடி என்பது அவன் கணக்கு. அப்படியே செல்போனை எடுத்துப் பெருக்கப் போனவனைக் கையைப் பிடித்து நிறுத்தினேன். இந்த வேலைக்கு வந்த புதிதில் நானும் இப்படித்தான் எழுதினேன். டேப் தொய்வது, எண்ணை மாற்றிப் படிப்பது எல்லாம் நாலு நாளில் தானே சரியாகிவிடும். இது சரியாகாது, யாராவது சொல்ல வேண்டும்.

அங்குலத்துக்குப் புள்ளி வைப்பது

ஓர் அடிக்கு 12 அங்குலம். கால்குலேட்டரோ புள்ளிக்குப் பின்னால் வருவதைப் பத்தில் பங்காகத்தான் எடுத்துக்கொள்ளும். ஆறு அங்குலம் என்றால் 0.5 அடி. அதை 0.6 என்று போட்டால் ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல் கூடும், அவ்வளவுதான். வெட்டும்போது வீணாகும் என்று கூட்டி வாங்குவோமே, அந்த வேஸ்டேஜில் கரைந்துவிடும். அதனால்தான் பல பேர் வருஷக்கணக்கில் திருத்திக்கொள்வதே இல்லை.

மாட்டிக்கொள்வது 10, 11 அங்குலத்தில். 14.10 என்று அடித்தால் கால்குலேட்டருக்கு அது 14.1. பத்து அங்குலம் ஓர் அங்குலம் சொச்சமாகச் சுருங்கிவிடும்.

எனக்கு அப்படித்தான் நடந்தது. ஒரு வீட்டு ஹால், 14 அடி 10 அங்குலத்துக்கு 11 அடி 10 அங்குலம். 14.10 × 11.10 அடித்தேன், 156.51 வந்தது. வேஸ்டேஜ் 5 சதவீதம் சேர்த்து, இரண்டுக்கு இரண்டு அடி டைல்ஸ் 11 பெட்டி வாங்கச் சொன்னேன். உண்மையான பரப்பு 175.53 சதுர அடி. வாசல் ஓரம் நாலு டைல்ஸ் கல் குறைந்தது. கடையில் அந்த பேட்ச், அதாவது ஒரே தடவையில் தயாரான சரக்கு, தீர்ந்துவிட்டது. அதே மாடலில் வேறு பேட்ச் வாங்கிப் பதித்தோம், ஒரு சாயல் மஞ்சள் தட்டியது. "தினம் இதை மிதிச்சுத்தானே தம்பி உள்ளே வரணும்?" என்றார் அந்த வீட்டம்மா. அவர் குரல் உயரவே இல்லை. அந்த வரிசையை உடைத்தெடுத்து, கருப்பு கிரானைட் பட்டை பதித்துக் கொடுத்தேன். கல்லும் கூலியும் என் கைக்காசு. இன்றைக்கும் நோட்டில் அப்படி ஒரு புள்ளியைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது.

எல்லாவற்றையும் அங்குலமாக்கிவிடுங்கள்: 178 × 142 = 25,276. அதை 144-ஆல் வகுத்தால் சதுர அடி. அடியிலேயே போட வேண்டுமென்றால் அங்குலத்தை 12-ஆல் வகுத்து அடியோடு கூட்டுங்கள். மூன்று அங்குலம் 0.25, ஒன்பது 0.75, பத்து 0.83.

அப்புறம், பரப்பை மட்டும் நம்பாமல் கல்லையும் எண்ணுங்கள். அந்த ஹாலில் நீளத்துக்கு ஏழரைக் கல்லுக்குச் சற்று மேல். பாதிக்கு மேல் வெட்டினால் மிச்சத் துண்டு அடுத்த வரிசைக்கு எட்டாது. ஆக வரிசைக்கு 8 கல், அகலத்துக்கு 6 வரிசை, 48 கல். பெட்டிக்கு நாலு கல் வீதம் 12 பெட்டி. இதை எண்ணியிருந்தால் அன்றைக்கே பிடித்திருப்பேன்.

இரண்டுக்கு இரண்டு என்றால் நாலு சதுர அடியா?

இல்லை. கல் 600 மில்லிமீட்டர்தான், இரண்டு அடி 609.6. நாலு கல் பெட்டி 16 சதுர அடி வராது, சுமார் 15.5.

டேப் கொக்கி ஆடுவது

டேப் நுனியில் உள்ள கொக்கி லேசாக ஆடினால், பழுது என்று நினைத்துச் சுத்தியலால் தட்டி இறுக்குகிறார்கள். சுவரில் முட்டி எடுக்கும் உள்ளளவு, விளிம்பில் மாட்டி எடுக்கும் வெளியளவு இரண்டிலும் கொக்கியின் கனத்தைச் சரிக்கட்டத்தான் அது ஆடுகிறது.

மூலைமட்டம் பார்க்காமல் நூல் கட்டுவது

நாலு பக்கமும் சரியாக இருந்தும் அறை கோணலாக இருக்கலாம். எதிரெதிர் மூலைகளுக்கு இடையே எடுக்கும் இரண்டு குறுக்களவும் ஒன்றாக வர வேண்டும். அஸ்திவாரத்திலேயே மூலையிலிருந்து ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி குறித்து, குறுக்கே 5 அடி வருகிறதா பாருங்கள், வந்தால் மூலை செங்கோணம். பெரிய இடமானால் 6, 8, 10.

ஒரு வேலைக்கு இரண்டு டேப்

வேண்டாம்.