கடன் திட்டத்தில் இருக்கும்போது டீஃபால்ட் நோட்டீஸ் வந்தால்

பிரிட்டனில் டிஎம்பி எனப்படும் கடன் மேலாண்மைத் திட்டத்தில் (கடன்களுக்கெல்லாம் உங்களால் முடிந்த குறைந்த தொகையை ஓர் அமைப்பின் வழியாகக் கட்டும் ஏற்பாடு) சேர்ந்து மாதாமாதம் ஒழுங்காகக் கட்டிவருபவர்களுக்கும் டீஃபால்ட் நோட்டீஸ், அதாவது ஒப்பந்தப்படி பணம் கட்டவில்லை என்ற சட்டப்படியான அறிவிப்பு, வரும். திட்டம் முறிந்துவிட்டதென்று பதற வேண்டாம். ஒப்பந்தப்படி மாதம் 120 பவுண்டு கட்ட வேண்டிய கிரெடிட் கார்டுக்குத் திட்டத்தின் வழியாக 25 பவுண்டு போகிறது என்றால், மீதி 95 பவுண்டு ஒவ்வொரு மாதமும் பாக்கியில் ஏறுகிறது. குறைந்த தொகையை வாங்கிக்கொள்ளச் சம்மதித்த வங்கியும் பழைய ஒப்பந்தத்தைக் கைவிடுவதில்லை. நோட்டீஸ் அந்தப் பாக்கிக்காக வருவது.

படி 1: எந்தக் கடிதம் என்று பாருங்கள்

பாக்கித் தொகையை மட்டும் தெரிவிக்கும் அறிவிப்புகள் இடையிடையே வரும். அவற்றைக் கோப்பில் வைத்தால் போதும். டீஃபால்ட் நோட்டீஸில் 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம், 87ஆம் பிரிவு என்று அச்சாகியிருக்கும். எந்த நிபந்தனை மீறப்பட்டது, எவ்வளவு கட்ட வேண்டும், எந்தத் தேதிக்குள் என்பதும் இருக்கும். பதில் படிவத்துடன் வரும் ‘லெட்டர் ஆஃப் கிளெய்ம்’ (வழக்குப் போடும் முன் அனுப்பும் கடிதம்) வேறு வகை. அதைப் பற்றிக் கடைசியில்.

படி 2: தேதியையும் தொகையையும் சரிபாருங்கள்

நோட்டீஸ் உங்களுக்குக் கிடைத்ததிலிருந்து குறைந்தது 14 நாள் அவகாசம் தர வேண்டும். உறையையும் பத்திரப்படுத்துங்கள், எப்போது வந்தது என்பதற்கு அதுதான் ஆதாரம். திட்டத்தின் வழியாகப் போன பணம் கணக்கில் வரவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். பிழை இருந்தால் எழுத்தில் கேளுங்கள். ஆனால் நோட்டீஸில் பிழை என்பதால் கடனே ஒழிந்துவிடும் என்று இணையத்தில் சிலர் சொல்வதை நம்ப வேண்டாம். பெரும்பாலும் திருத்திய நோட்டீஸ் ஒன்றுதான் வரும்.

படி 3: கேட்ட தொகையை அவசரப்பட்டுக் கட்டாதீர்கள்

பலர் தடுக்கி விழும் இடம் இது. கடன் கொடுத்த ஒருவருக்கு மட்டும் 600 பவுண்டைத் தனியாகக் கட்டினால், அது கடன் கொடுத்த மற்றவர்களின் பங்கிலிருந்தோ வாடகையிலிருந்தோ புதுக் கடனிலிருந்தோதான் வரும். அடுத்த மாதமே பாக்கி மறுபடி தொடங்கிவிடும்.

விதிவிலக்கு: ஹயர் பர்ச்சேஸில் (தவணை முடியும்வரை கடன் கொடுத்தவருக்கே சொந்தமாக இருக்கும் முறையில்) வாங்கிய கார். மொத்த விலையில் மூன்றில் ஒரு பங்கு கட்டி முடிக்கும்வரை, பொது இடத்தில் நிற்கும் காரைக் கடன் கொடுத்த நிறுவனம் நீதிமன்ற உத்தரவு இல்லாமலே எடுத்துப் போக முடியும். இந்தக் காருக்கு நோட்டீஸ் வந்தால் அன்றைக்கே ஆலோசகரை அழையுங்கள். தவணையைக் குறைக்க நீதிமன்றத்திடம் ‘டைம் ஆர்டர்’ கேட்கவும் வழி இருக்கிறது.

படி 4: இரண்டு இடத்துக்குத் தெரிவியுங்கள்

ஸ்டெப்சேஞ்ச், பேபிளான் என உங்கள் திட்டத்தை நடத்துவது யாரோ, அவர்களுக்கு எல்லாப் பக்கங்களின் நகலையும் அனுப்புங்கள். கடன் கொடுத்த நிறுவனத்துக்கு ஆங்கிலத்தில் சுருக்கமாக எழுதுங்கள்: கணக்கு எண், திட்டம் தொடங்கிய தேதி, மாதத் தொகை, திட்டத்தின் குறிப்பெண், வட்டியையும் கட்டணங்களையும் நிறுத்தக் கோரும் ஒரு வரி. தொலைபேசியில் பேசும்போது கூடுதல் தொகைக்குத் தலையாட்டிவிடாதீர்கள்.

படி 5: கிரெடிட் ஃபைலைப் பாருங்கள்

கெடு முடிந்ததும் எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் ஆகிய மூன்று கடன் தகவல் நிறுவனங்களிலும் உள்ள உங்கள் கிரெடிட் ஃபைலில் (கடன் வரலாற்றுப் பதிவில்) டீஃபால்ட் பதிவாகலாம். அந்தத் தேதியிலிருந்து 6 ஆண்டுகள் இருக்கும். பிறகு கடன் மீதமிருந்தாலும் பதிவு நீங்கிவிடும் (கடன் நீங்காது). ஆகவே, வருவது உறுதி என்றால் டீஃபால்ட் சீக்கிரம் விழுவதே உங்களுக்கு நல்லது. டீஃபால்ட் போடாமல் ‘ஏற்பாட்டின்படி கட்டுகிறார்’ என்று மட்டும் குறித்துவந்தால், கணக்கை முடித்த பிறகும் 6 ஆண்டுகள் அந்தக் கறை தெரியும்.

பொதுவாக 3 முதல் 6 மாதப் பாக்கி சேர்ந்ததும் டீஃபால்ட் பதிவாக வேண்டும். இரண்டு ஆண்டு கழித்துப் பதிந்திருந்தால், தேதியைப் பின்னோக்கி மாற்றச் சொல்லி முறைப்படி புகார் கொடுங்கள். 8 வாரத்தில் தீர்வு இல்லையென்றாலோ, மறுத்துவிட்டாலோ நிதிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அங்கே கட்டணம் இல்லை.

படி 6: கடன் கைமாறினால்

டீஃபால்ட்டுக்குப் பிறகு கடனை வேறொரு நிறுவனத்துக்கு விற்றுவிடுவது சகஜம். புதிய பெயரையும் குறிப்பெண்ணையும் உடனே திட்டக்காரர்களிடம் கொடுங்கள். இல்லையென்றால் உங்கள் பணம் பழைய இடத்துக்கே போய்க்கொண்டிருக்கும். கடனை விலைக்கு வாங்கிய நிறுவனம் புது டீஃபால்ட் தேதி போடக் கூடாது.

படி 7: லெட்டர் ஆஃப் கிளெய்ம் வந்தால்

டிஎம்பி சட்டப் பாதுகாப்பு தருவதல்ல. நீங்கள் கட்டிக்கொண்டிருக்கும்போதும் கடன் கொடுத்தவர் வழக்குப் போடலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இந்தக் கடிதத்துக்குப் பதில் தர 30 நாள். படிவத்தை நிரப்பி, வரவு செலவுப் பட்டியலையும் இணைத்து அனுப்புங்கள். அதைத் தவறவிட்டு நீதிமன்றப் படிவமே வந்துவிட்டால், அது சேர்ந்ததிலிருந்து 14 நாள்தான். பதில் போகவில்லையென்றால் நீங்கள் இல்லாமலே சிசிஜே (கடனைக் கட்டச் சொல்லும் கவுண்டி நீதிமன்றத் தீர்ப்பு) வந்துவிடும். படிவத்தைத் தனியாக நிரப்பத் தயக்கமாக இருந்தால் நேஷனல் டெட்லைன் என்ற கடன் ஆலோசனைச் சேவை இலவசமாக உதவும்.