முதுகுத் தழும்பைக் கேளுங்கள்

சுங்கை சிப்புட்டில் என் கிளினிக்குக்குப் பழக வரும் இளம் டாக்டர்கள் எழுதும் லெட்டர்களைப் படித்தால், பன்னிரண்டு வருஷத்துக்கு முன் நான் செய்த தவறுகளே திரும்பி வருவதுபோல் இருக்கிறது. சினைப்பைப் புற்றையும் சிறுநீரகப் புற்றையும் குழப்பிக்கொள்ள வைக்கும் தவறுகள். ஐசி (அடையாள அட்டை) எண்ணை மாற்றி எழுதுவதைப் பற்றிச் சொல்ல வரவில்லை. அதை நர்ஸ் மிஸ்ஸியே பிடித்துவிடுவார்.

பழைய ஆபரேஷனைக் கேட்காமல் விடுவது

நான் ஹவுஸ்மேனாக, அதாவது பயிற்சி டாக்டராக, இருந்தபோது, செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கும் ஓர் அக்கா வந்தார். சினைப்பையில் கட்டி. அறுத்தெடுத்ததை லேபுக்கு அனுப்பும் தாளில் "சினைப்பைக் கட்டி" என்று மட்டும் எழுதினேன். சினைப்பைப் புற்று என்று ரிப்போர்ட் வந்தது. கார்போபிளாட்டின், பேக்லிடாக்சல் என்ற கீமோ மருந்துகளை மூன்று தடவை ஏற்றினோம். முடி கொட்டியது, விரல்கள் மரத்துப்போய்ப் பழம் பொறுக்க முடியவில்லை. நுரையீரலில் புள்ளிகள் மட்டும் கூடிக்கொண்டே போயின.

ஒருநாள் முதுகில் ஸ்டெதஸ்கோப் வைக்கச் சட்டையைத் தூக்கினால், இடது விலாவுக்குக் கீழே ஒரு சாண் தழும்பு. "ஒம்பது வருஷம் முன்ன கிட்னியில கட்டின்னு வெட்டி எடுத்தாங்க டாக்டர். நீங்க யாரும் கேக்கலையே."

சிறுநீரகப் புற்றில் அதிகம் வரும் வகையிலும் சினைப்பைப் புற்றில் ஒரு வகையிலும் செல்லுக்குள் இருக்கும் கிளைக்கோஜனும் கொழுப்பும் ஸ்லைடு தயாரிக்கும்போது கரைந்துவிடும். மைக்ரோஸ்கோப்பில் இரண்டும் வெறும் கூடாகத் தெரியும். செல்லில் உள்ள புரதங்களைக் காட்டிக்கொடுக்கும் சாயங்கள் உண்டு. அதில் பேக்ஸ்8 சாயமும் இரண்டிலும் பிடிக்கும். சிகே7, நாப்சின் ஏ சாயங்கள் பிடித்தால் பெரும்பாலும் சினைப்பை. அவை பிடிக்காமல் சிடி10 பிடித்தால் சிறுநீரகத்தை நினைக்க வேண்டும். ஆனால் சந்தேகம் வந்தால்தானே அந்தச் சாயங்களைப் போடுவார்கள்? சந்தேகத்தைக் கிளப்ப வேண்டியது நம் தாள். அக்காவின் சினைப்பையில் இருந்தது அந்தப் பழைய சிறுநீரகப் புற்றுதான். நாங்கள் ஏற்றிய மருந்து சிறுநீரகப் புற்றை அசைக்காது. அந்த மாதங்களை அக்காவுக்குத் திருப்பித் தர என்னால் முடியவில்லை. இன்றும் லேப் தாளில் பழைய நோயை எழுத வேண்டிய கட்டம் காலியாக இருப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

"அபூர்வம்தானே" என்பது

சிறுநீரகப் புற்று சினைப்பைக்குப் பரவுவது அபூர்வம்தான். ஆனால் சிறுநீரகப் புற்று பத்து வருஷம் கழித்தும் தலைதூக்கும். இடது சினைப்பையின் சிரை இடது சிறுநீரகச் சிரையில்தான் போய்ச் சேர்கிறது. அந்த வழியே புற்று பின்னோக்கி இறங்கலாம்.

சிஏ-125ஐ மட்டும் நம்புவது

சினைப்பைப் புற்றைத் தேட எடுக்கும் இந்த ரத்தப் பரிசோதனையின் அளவு மாதவிடாயிலும் ஏறும்.

"கிட்னிக்கும் பரவிடுச்சு" என்று அவசரப்படுவது

சினைப்பைப் புற்று பெரும்பாலும் வயிற்று உறையில்தான் பரவும். ஸ்கேனில் சிறுநீரகம் வீங்கியிருந்தால், கட்டி சிறுநீர்க்குழாயை நெருக்கி நீர் தேங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். போன மாதம் ஒரு மாணவர் அவசரப்பட்டுச் சொல்லிவிட, நோயாளியின் மகள் வாசல் பெஞ்சிலேயே உட்கார்ந்து அழுதார். அப்புறம் பெரிய ஆஸ்பத்திரியில் சிறுநீர்க்குழாயில் அடைப்பைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற சிறு குழலை வைத்தார்கள். வீக்கம் வடிந்தது.