சின்ன விமானத்தோடு மதுரையில் இறங்குகிறவர்கள் செய்யும் தவறுகள்

புதிதாக பிபிஎல் (தனிப்பட்ட முறையில் பறப்பதற்கான விமானி உரிமம்) கையில் வாங்கி, ஈ காக்கை இல்லாத பயிற்சித் தளத்திலிருந்து முதல்முறையாக ஏர்லைன்ஸ் விமானங்கள் வரும் நிலையத்துக்குப் பறக்கிறவர்கள் தடுமாறுவது எப்போதும் அதே சில இடங்களில்தான். ரேடியோவில் திக்குவது, டாக்சிவே மாறி நிற்பது போன்றவை இன்னும் பத்து மணி நேரம் பறந்தால் தானாகச் சரியாகிவிடும். தானாகச் சரியாகாதவை கீழே.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஃபிளைட் பிளான் எழுதுவது

பிளானில் எழுதுவது யுடிசி, அதாவது உலகப் பொது நேரம். நம் நேரத்திலிருந்து 5 மணி 30 நிமிடம் கழிக்க வேண்டும். பிற்பகல் 3:30-க்குக் கிளம்புகிறவர் 1000 என்று எழுத வேண்டும். 1530 என்று எழுதினால் அது இரவு 9 மணி. விஎஃப்ஆரில் (பகல் வெளிச்சத்தில் வெளியே கண்ணால் பார்த்துப் பறக்கும் முறையில்) வெளியூர் கிளம்பும் நேரமா அது? மெட்டார் எனும் நிலைய வானிலை அறிக்கையில் இருக்கும் நேரமும் யுடிசிதான். அந்த நேரத்தைச் சரியாகப் பார்க்காமல், மூன்று மணி நேரப் பழைய காற்றை இப்போதைய காற்று என்று நம்பி வருகிறவர்களும் உண்டு.

கிளம்புவதற்குக் குறைந்தது 60 நிமிடம் முன்பே பிளான் போய்ச் சேர வேண்டும். சென்னை எஃப்ஐசி (விமானத் தகவல் மையம்) தரும் எண்ணும், வான் பாதுகாப்பு அனுமதி எண்ணும் முழங்கால் பலகையில் எழுதியிருக்க வேண்டும். கிளம்புவது 30 நிமிடத்துக்கு மேல் தள்ளிப்போனால் பிளானைத் திருத்தி அனுப்ப வேண்டும். மீனாட்சி அம்மன் கோயிலுக்குப் போய்விட்டுச் சாவகாசமாகத் திரும்பலாம் என்று வருகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். நவம்பரில் மதுரையில் மாலை 6 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும்.

"வைகைக்கு மேலே இருக்கிறேன்"

எந்த வைகைக்கு மேலே? வருசநாட்டு மலையிலிருந்து கிழக்கே கடல்வரை 250 கிலோமீட்டருக்கு மேல் போகும் ஆறு அது. கோடையில் மேலிருந்து பார்த்தால் அகலமான மண்சாலை மாதிரிதான் தெரியும். டவருக்கு (கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கு) வேண்டியது நிலையத்திலிருந்து திசை, தூரம், உயரம்: "வடகிழக்கே 12 மைல், 2,500 அடி." அவ்வளவு போதும்.

"காஷன் வேக் டர்புலன்ஸ்" என்றதும் "ராஜர்" என்பது

எரிச்சலூட்டும் தவறு இதுதான். எத்தனை முறை சொன்னாலும் போவதில்லை.

விஎஃப்ஆரில் ஒரு செஸ்னா 172 இறங்க வருகிறது. முன்னால் ஓர் ஏர்பஸ் ஏ320 ஃபைனலில், அதாவது ரன்வேயை நோக்கி நேராக இறங்கும் கடைசிக் கட்டத்தில், இருக்கிறது. டவர் "நம்பர் டூ, காஷன் வேக் டர்புலன்ஸ்" (வரிசையில் நீ இரண்டாவது; முன் விமானம் விட்டுச்செல்லும் காற்றுச் சுழல், ஜாக்கிரதை) என்கிறது. பைலட் "ராஜர்" (கேட்டுக்கொண்டேன்) என்கிறார். இடைவெளியை டவர் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்து ஏர்பஸ் வாலைப் பிடித்தபடி திரும்புகிறார். ஆனால் விஎஃப்ஆரில் இறங்க வரும் விமானத்துக்கு, முன்னே இறங்கும் பெரிய விமானத்தின் சுழலுக்கான இடைவெளியை டவர் கணக்குப் போட்டுத் தர வேண்டியதில்லை, விதியே அப்படித்தான். அந்த மூன்று சொற்களுக்கு அர்த்தம் "இனி உன் பாடு."

செஸ்னாவின் எடை 1.1 டன். ஏ320 எழுபது டன்னுக்கு மேல் போகும். அதன் இரண்டு இறக்கை நுனியிலிருந்தும் கிளம்பும் சுழல் நிமிடத்துக்கு 300 முதல் 500 அடி வரை கீழே இறங்கும். தரையை நெருங்கியதும் இரண்டும் வெளிப்பக்கமாக 2, 3 நாட் வேகத்தில் விலகும். பக்கக்காற்று 3 முதல் 5 நாட் இருந்தால், காற்று வரும் பக்கத்துச் சுழல் விலக முடியாமல் ரன்வே மேலேயே நிற்கும். லேசான பின்காற்று இன்னும் மோசம். சுழலை முன்னே தள்ளி, நீங்கள் தொட நினைத்த இடத்திலேயே கொண்டுவந்து வைக்கும். ஆடிக் காற்று தூக்கியடிக்கும் பிற்பகலைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். சுழலைப் பொறுத்தவரை இலை அசையாத காலை 7 மணிதான் பயப்பட வேண்டிய நேரம்.

செய்ய வேண்டியது: ஏர்பஸ் வந்த சரிவுக்கு மேலேயே இருங்கள். அதன் முன்சக்கரம் எங்கே தரையைத் தொட்டது என்று கண்ணால் பார்த்து, அதைத் தாண்டித் தொடுங்கள். மதுரை ரன்வே ஏறத்தாழ 2,300 மீட்டர் நீளம். ஏர்பஸ் 400, 500 மீட்டரில் தொடும். நீங்கள் 800 மீட்டரில் தொட்டாலும் 1,500 மீட்டர் மிச்சம் இருக்கும். செஸ்னா நிற்க 200 மீட்டர் சொச்சம் போதும். ஆரம்பத்திலேயே தொட்டாக வேண்டும் என்ற பிடிவாதம் குட்டி ரன்வேயில் பழகியதால் வருவது. முன்சக்கரம் தொட்ட இடம் தெரியவில்லையா, டவுன்விண்டை (ரன்வேக்கு இணையாக எதிர்த்திசையில் பறக்கும் பகுதியை) நீட்டிக்க அனுமதி கேளுங்கள், அல்லது ஒரு சுற்றுச் சுற்றுங்கள். மூன்று நிமிடம் விட்டால் நல்லது. முன்னே இறங்கியது ஏடிஆர் 72 என்றால் "அது சின்னதுதானே" என்று விட்டுவிடாதீர்கள். அதுவும் 20 டன்னுக்கு மேல், சுழல் கணக்கில் ஏ320 போலவே மீடியம் வகை.

கிளம்பும்போது இதே தவறு வேறு வேஷத்தில் வரும். ஏர்பஸுக்குப் பின்னால் ரன்வே முனையிலிருந்து கிளம்பினால் 2 நிமிடம் காத்திருக்க வேண்டும். "எதற்கு முழு ரன்வே, பாதியிலிருந்தே போகிறேனே" என்று கேட்டால் அது 3 நிமிடமாகிவிடும். மிச்சப்படுத்தப் போய் நஷ்டம். அதோடு, பாதியிலிருந்து ஓடினால் நீங்கள் மூக்கைத் தூக்கும் இடமும் ஏர்பஸ் தூக்கிய இடமும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும். முனையிலிருந்து ஓடினால் அதற்கு வெகு முன்பே எழும்பியிருப்பீர்கள். எழும்பிய பிறகும் அதன் ஏற்றத்தை உங்களால் பிடிக்க முடியாது, எப்படியும் கீழேதான் இருப்பீர்கள். ஆகவே டவரிடம் கேட்டுக் காற்று வரும் பக்கமாக விலகுங்கள்.

சுற்றை விரித்துக்கொண்டே போவது

திருப்பரங்குன்றம் மலை கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,050 அடி. நிலையம் சுமார் 460 அடி. இறங்குவதற்காக நிலையத்துக்கு மேல் ஆயிரம் அடியில் போடும் சுற்றை வடக்கே அகலமாக இழுத்தால் மலைக்கும் உங்களுக்கும் நடுவே 400 அடிதான். அவனியாபுரம் வெள்ளக்கல் குப்பைக்கிடங்குப் பக்கம் பறவைகளும் இருக்கும்.

க்யூஎன்எச்

உயரமானியில் வைக்க டவர் தரும் கடல்மட்டக் காற்றழுத்தம் இது. இங்கே அதைச் சொல்வது ஹெக்டோபாஸ்கலில். சிமுலேட்டர் பழக்கத்தில் அங்குலக் கணக்கின் 29.92 வைக்காதீர்கள்.

வெயிலைக் கணக்கில் எடுக்காதது

38 டிகிரி வெயிலில் மதுரையின் அடர்த்தி உயரம் கிட்டத்தட்ட 3,300 அடி, அதாவது காற்று அந்த உயரத்துக் காற்று போல மெலிந்திருக்கும். நான்கு பேர், இரண்டு டேங்கும் முழுக்க, நண்பகல்: வேண்டாம்.

எரிபொருள் இருக்கும் என்று நம்பி வருவது

பெரிய நிலையத்தில் நிச்சயமாக இருப்பது ஜெட்டுக்கான ஏடிஎஃப். அது மண்ணெண்ணெய் இனம். பிஸ்டன் இன்ஜினுக்கு வேண்டிய அவ்கேஸ் எல்லா ஊரிலும் கிடைக்காது. கிளம்பும் முன் போன் செய்து கேளுங்கள், இல்லையென்றால் திரும்பிப் போகவும் சேர்த்துக் கொண்டுவாருங்கள். நிரப்பும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். ஏடிஎஃப் தவறிக் கலந்தாலும் குழாயில் மிச்சமிருக்கும் அவ்கேஸில் இன்ஜின் ஓடும், டாக்சியும் போகும். எழும்பிய பிறகுதான் நிற்கும். டேங்கின் அடியிலிருந்து எடுத்த சாம்பிள் நீலமாக இருக்க வேண்டும். நிறம் வெளுத்திருந்தால் வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விடுங்கள். அவ்கேஸ் காய்ந்து மறைந்துவிடும்; ஏடிஎஃப் எண்ணெய் வட்டம் விட்டுப் போகும்.

சக்கரக் கட்டை, கயிறு

கையோடு கொண்டுவாருங்கள். பக்கத்தில் ஜெட் திரும்பும்போது அதன் காற்று சின்ன விமானத்தைத் தள்ளிவிடும்.