கையா சாரியஹோவைக் கேட்கத் தொடங்குவது எப்படி: ஒற்றைச் செல்லோவிலிருந்து ஓபெரா வரை

ஃபின்லாந்து இசையமைப்பாளர் கையா சாரியஹோவின் (1952–2023) பெயரைக் கேள்விப்பட்டதும் அவருடைய புகழ்பெற்ற ஓபெராவை (பாடியே நடிக்கும் இசை நாடகத்தை) தேடிப் போட்டு, பத்தாவது நிமிடத்தில் நிறுத்திவிடுவது எளிதில் நடக்கும். அங்கே வரிசைதான் தப்பு. இரண்டு மணி நேர ஓபெராவுக்கு முன்னால் ஒன்பது நிமிடச் செல்லோ (வயலின் குடும்பத்தின் பெரிய, ஆழ்ந்த ஒலியுள்ள வில் வாத்தியம்) இசை ஒன்று இருக்கிறது. அங்கிருந்து ஏறினால் ஓபெரா தானாகவே பிடிபடும்.

முதலில் கருவி

காதை முழுக்க மூடும் ஹெட்போன் போதும், விலை உயர்ந்ததாக இருக்கத் தேவையில்லை. ஆனால் போனின் சொந்த ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். செல்லோவின் அடித்தந்தி சுமார் 65 ஹெர்ட்ஸில் அதிர்வது. விரல்நுனி அளவு ஸ்பீக்கரில் அந்த அடி ஒலி வராது, மேலே உள்ள கீச்சு மட்டும் மிஞ்சும். பிறகு "ஏன் இப்படிக் கீறுகிறது?" என்றுதான் தோன்றும்.

ஈக்வலைசரையும் பாஸ் பூஸ்ட்டையும் அணையுங்கள். ஒரு பாட்டின் முடிவையும் அடுத்ததன் தொடக்கத்தையும் கலக்கும் கிராஸ்ஃபேடை 0 வினாடிக்குக் கொண்டுவாருங்கள். இதைப் பலர் மறந்துவிடுவார்கள். ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்கும் முன் உள்ள மௌனத்தை அது தின்றுவிடும்.

ஒலியளவை வைப்பதற்கும் ஒரு முறை உண்டு. இந்த இசை பெரும்பாலும் கேட்டும் கேட்காததுமாகத் தொடங்கும். அப்போது சத்தத்தைக் கூட்டினால் மூன்றாவது நிமிடத்தில் காது வலிக்கும். அதனால் முதலில் நடுப்பகுதிக்குத் தாவி, பலமான ஓர் இடத்தைப் பிடித்து, அது உங்களுக்குத் தாங்கும்படி அளவை வையுங்கள். பிறகு தொடக்கத்துக்குத் திரும்புங்கள். அதன்பின் அந்தப் பொத்தானைத் தொடக் கூடாது.

படி 1: 'பெட்டல்ஸ்' (1988), ஒரே ஒரு செல்லோ

சாரியஹோவின் நெடுங்கால நண்பரான செல்லோ கலைஞர் அன்சி கார்த்துனென் வாசித்த பதிவைத் தேடுங்கள். இதே தலைப்பில் வேறு பாடல்கள் நிறைய உண்டு, எனவே தேடும்போது அவர் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தப் படைப்பைச் செல்லோவை மட்டும் வைத்தும் வாசிப்பார்கள், எதிரொலியும் சுரமாற்றமும் சேர்க்கும் மின்னணுக் கருவியோடும் வாசிப்பார்கள். இரண்டு பதிவுகள் இரண்டு விதமாக இருந்தால் குழம்ப வேண்டாம்.

ஒரு தாள், ஒரு பேனா எடுத்துக்கொள்ளுங்கள். இசை ஓடும்போது இடமிருந்து வலமாக ஒரே கோடாக வரைந்துகொண்டே போங்கள். ஒலி தெளிவாக, கண்ணாடி போல இருந்தால் கோடு கீழே. கரகரத்தால் கோடு மேலே. ராகம், தாளம், மெட்டு எதையும் தேடாதீர்கள். ஒன்பது நிமிடம் கழித்து உங்கள் கையில் இருப்பது மலைத்தொடர் போன்ற ஒரு வடிவம். இந்தப் படைப்பின் கட்டமைப்பும் ஏறக்குறைய அதுதான். தெளிந்த சுரத்தை ஒரு முனையாகவும் இரைச்சலை மறுமுனையாகவும் வைத்து, இரண்டுக்கும் நடுவே நகர்வதையே இசையின் இழுவிசையாக ஆக்கியவர் சாரியஹோ. மரபான இசையில் சுரச்சேர்க்கையின் முரணும் இணக்கமும் செய்த வேலையை, இவரிடம் ஒலியின் நிறம் செய்கிறது.

அந்தக் கரகரப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் கேட்பது இன்னும் எளிது. வில்லின் முடி தந்தியைப் பற்றி இழுக்கிறது, தந்தி நழுவுகிறது, மறுபடி பற்றுகிறது. இது ஒழுங்காக நடக்கும்வரை சுரம் கேட்கும். வில்லை அளவுக்கு மீறி அழுத்தினால் அந்த ஒழுங்கு உடைந்து இரைச்சலாகும். வில்லைக் குதிரையின் (தந்திகளைத் தாங்கும் மரப்பாலத்தின்) பக்கம் நகர்த்தினால் அடிச்சுரம் மங்கி, அதன் மேல் மிதக்கும் மேற்சுரங்கள் பளபளக்கும். தம்புராவில் ஜீவா நூலைச் சரியான இடத்தில் வைத்ததும் ஒரே தந்திக்குள் பல சுரங்கள் விரிவதைக் கேட்டவர்களுக்கு இது புதிதல்ல. சாரியஹோவின் இசைத்தாளில் ஒரு வாசிப்பு முறையிலிருந்து இன்னொன்றுக்கு அம்புக்குறி போட்டிருக்கும். சட்டென்று மாறாதே, வழியெல்லாம் ஒலித்துக்கொண்டே போ என்று பொருள். அந்த வழியைத்தான் நீங்கள் கேட்க வேண்டும்.

இரண்டு மூன்று நாளில் மூன்று முறை கேளுங்கள். ஒரே நாளில் மூன்று முறை வேண்டாம், காது மரத்துவிடும்.

படி 2: 'நோவாநோவா' (1992), புல்லாங்குழலும் பேச்சும்

சுமார் பத்து நிமிடம். புல்லாங்குழல் கலைஞர் காமில்லா ஹொய்டெங்காவுக்காக எழுதியது. ஓவியர் கோகானின் தஹீத்திக் குறிப்புகளிலிருந்து எடுத்த சொற்களை, கலைஞர் குழலுக்குள்ளேயே பேசியபடி வாசிப்பார். செல்லோவில் வில் செய்ததை இங்கே மூச்சு செய்கிறது. மூச்சு எங்கே சுரமாகிறது என்று மட்டும் கவனித்தால் போதும்.

படி 3: 'லிக்ட்போகன்' (1986), ஒன்பது பேர்

இதற்கு முன் கொஞ்சம் வாழ்க்கை வரலாறு தேவை. சாரியஹோ ஹெல்சிங்கியின் சிபேலியஸ் அகாதெமி இசைக் கல்லூரியில் இசையமைப்பாளர் பாவோ ஹெய்னினெனிடம் படித்தவர். 1977இல் மாக்னுஸ் லிண்ட்பெர்க், எசா-பெக்கா சாலோனென் முதலான இளம் இசையமைப்பாளர்களோடு 'கோர்வாத் ஔகி' என்ற குழுவைத் தொடங்கினார். 'காதைத் திற' என்று சொல்லலாம். பிறகு ஜெர்மனியின் ஃப்ரைபுர்க்கில் படிப்பு. அங்கே கற்பித்த கறாரான கணக்குமுறை அவருக்கு ஒட்டவில்லை. ஒலியின் மேற்சுரங்களிலிருந்தே இசையைக் கட்டிய பிரெஞ்சுக்காரர்களான கிரிஸேயும் முராயும்தான் அவரை ஈர்த்தார்கள். 1982இல் பாரிஸ் போய், ஒலி ஆய்வு நிறுவனமான இர்காமில் கணினியோடு வேலை செய்தார். கடைசிவரை பாரிஸ்தான் வீடு.

அந்த இர்காம் நாட்களின் அழகான விளைச்சல் 'லிக்ட்போகன்'. வடதுருவ ஒளியைப் பார்த்த அனுபவத்திலிருந்து பிறந்தது. செல்லோ ஒலி தெளிவிலிருந்து இரைச்சலுக்குப் போவதைக் கணினியில் பகுத்து, கிடைத்த சுரங்களை ஒன்பது கலைஞர்களுக்குப் பங்கிட்டிருக்கிறார். அதாவது, முதல் படியில் நீங்கள் வரைந்த அதே கோட்டை இங்கே ஒரு குழுவே வரைகிறது. 17 நிமிடம் அளவு. பாதியில் தூக்கம் வந்தால் இசையைக் குற்றம் சொல்லாதீர்கள். விளக்கை அணைத்துப் படுத்துக்கொண்டு கேட்டிருப்பீர்கள். உட்கார்ந்து கேளுங்கள்.

படி 4: முழு ஆர்க்கெஸ்ட்ரா

'டு கிறிஸ்தால்' (1989), 'ஆ லா ஃப்யூமே' (1990) இரண்டும் இணை. 'படிகத்திலிருந்து', 'புகைக்கு' என்று தலைப்பே ஒரு வாக்கியமாகச் சேரும். முதலில் ஒரு சின்னச் சோதனை: முதல் படைப்பின் கடைசி இரண்டு நிமிடத்தைக் கேளுங்கள். ஆர்க்கெஸ்ட்ரா முழுவதும் கரைந்து ஒரு செல்லோவின் நடுக்கம் மட்டும் எஞ்சும். உடனே இரண்டாவதைத் தொடங்குங்கள். அதே நடுக்கத்திலிருந்துதான் அது எழுகிறது. இந்த ஒட்டு காதில் பதிந்த பிறகு இரண்டையும் முழுதாகக் கேளுங்கள். சாலோனென் லாஸ் ஏஞ்சலிஸ் ஃபில்ஹார்மோனிக்கை நடத்திய பதிவு உண்டு.

இது கனமாக இருந்தால் ஒரு பக்கப் படி இருக்கிறது. 'ஒரியன்' (2002) என்ற படைப்பின் நடுப்பகுதியை மட்டும் கேளுங்கள். 'குளிர்கால வானம்' என்று பெயர். பிக்கலோ (சின்னப் புல்லாங்குழல்) தனியாகத் தொடங்கி, மற்ற வாத்தியங்கள் ஒவ்வொன்றாக வந்து சேரும். அவருடைய ஆர்க்கெஸ்ட்ரா எழுத்தில் புதியவர்களுக்கு இவ்வளவு இணக்கமான இடம் வேறில்லை என்பது எங்கள் எண்ணம்.

படி 5: 'லாமூர் து லுவான்'

இப்போது ஓபெரா. 2000இல் சால்ஸ்பர்க் விழாவில் அரங்கேறியது. லெபனானில் பிறந்த எழுத்தாளர் அமீன் மாலூஃப் எழுதிய கதை, பிரெஞ்சு மொழி, மூன்றே பாத்திரங்களும் ஒரு கோரஸும். 12ஆம் நூற்றாண்டுக் கவிஞன் ஜோஃப்ரே ரூடெல், கடலுக்கு அப்பால் (இன்றைய லெபனானின்) திரிப்போலியில் வாழும், தான் கண்டிராத கிளெமான்ஸ் மீது காதல் கொள்கிறான். இடையே தூது போகும் யாத்ரீகர். கடைசியில் கடல் கடந்து போகிறான், நோயுற்றுப் போய்ச் சேர்ந்து அவள் மடியில் சாகிறான். கதையை முன்பே தெரிந்துகொள்வதில் நஷ்டமில்லை, இங்கே திருப்பங்கள் முக்கியமில்லை.

ஐந்து அங்கங்கள். நாளைக்கு ஒன்றாக ஐந்து நாள் வைத்துக்கொள்ளுங்கள். வசன மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வையுங்கள், ஆனால் நான்காம் அங்கத்தில், கடற்பயணத்தில், தாளை மூடிவிட்டு ஆர்க்கெஸ்ட்ராவை மட்டும் கேளுங்கள். 2016இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபெரா இதை மேடையேற்றியது. அந்த அரங்கில் 1903க்குப் பிறகு ஒரு பெண் எழுதிய ஓபெரா ஒலித்தது அப்போதுதான். அதன் காணொளி கிடைத்தால் ஆரம்பக்காரர்களுக்கு அதுவே நல்லது.

படி 6: 'இன்னசென்ஸ்'

2021இல் பிரான்சின் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸில் அரங்கேறியது. சோஃபி ஒக்சனென் எழுதிய கதை: ஹெல்சிங்கியில் ஒரு திருமணம், பத்து ஆண்டுக்கு முன் ஒரு பள்ளியில் நடந்த துப்பாக்கிச்சூடு, ஒன்பது மொழிகள். முந்தைய ஓபெராவைப் போல இதைத் துண்டு போடாதீர்கள். இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், ஒரே அமர்வில் பாருங்கள், காட்சியோடு, வசன எழுத்தோடு. மனத்தைப் பாதிக்கும் கதை என்பதால் இரவில் தனியாக வேண்டாம். இறந்துபோன மாணவி மார்கெத்தாவின் பாட்டு மட்டும் மற்றவர்களுடையது போல இருக்காது. ஓபெராக் குரலை விட்டுவிட்டு, ஃபின்லாந்து நாட்டுப்புறப் பாடகியின் திறந்த குரலில் ஒலிக்கும். அந்தக் குரல் வரும்போதெல்லாம் அவளுடைய தாய் மேடையில் எங்கே நிற்கிறாள் என்று பாருங்கள்.