ஒருவர், நான்கு டிரோன்கள்: கண்காணிப்புத் திரையை வடிவமைப்பது எப்படி?

ஒரு டிரோனை ஓட்டுபவரின் திரையை நான்கு முறை ஒட்டிவைத்தால், நான்கு டிரோன்களைக் கண்காணிக்கும் திரை கிடைத்துவிடாது. ஓட்டும் வேலையைத் தானியங்கி பார்த்துக்கொள்ளும்போது, அடுத்து எதைக் கவனிப்பது என்று முடிவெடுப்பதுதான் மனிதருக்கு மிஞ்சும் வேலை. 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் லூயிவில் நகரில், அந்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு அமைப்பான டார்பா ரோபோக்களுக்காக நடத்திய சுரங்கப் போட்டியின் இறுதிச் சுற்றில், ஒவ்வொரு அணியின் ரோபோக்கள் அனைத்தையும் ஒரே ஒருவர்தான் மேற்பார்வையிட வேண்டும் என்பது விதி. பழகிப் பார்க்க உங்களுக்கு டிரோன் எதுவும் தேவையில்லை. ஆர்டுபைலட் என்ற டிரோன் இயக்க மென்பொருளின் இலவச சிமுலேட்டரில், தனித்தனி எண் கொடுத்து நான்கு டிரோன்களைப் பறக்கவிடலாம்.

படி 1: எத்தனை டிரோன்கள்?

கவனிக்காமல் விட்டால் ஒரு டிரோன் எவ்வளவு நேரம் ஒழுங்காக வேலை செய்கிறது, பிறகு அதைச் சரிப்படுத்த எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதை அளந்துகொள்ளுங்கள். முன்னது 80 விநாடி, பின்னது 20 விநாடி என்றால், 80-ஐ 20-ஆல் வகுத்து 1 கூட்ட 5 வரும். இது உச்சவரம்பு மட்டுமே. இரண்டு டிரோன்கள் ஒரே நேரத்தில் அழைக்கக்கூடும் என்பதால் நான் நான்கோடு நிறுத்திக்கொண்டேன்.

படி 2: காகிதத்தில் வரையுங்கள்

நடுவில் பெரிய வரைபடம், இடப்பக்கம் டிரோனுக்கு ஒரு வரி, ஒரே ஒரு வீடியோ சட்டம். வரிகளின் வரிசை ஒருபோதும் மாறக் கூடாது.

படி 3: எண்ணைப் பொருளாக்குங்கள்

"பேட்டரி 38%" என்று காட்டினால், அது போதுமா என்ற கணக்கைப் பார்ப்பவர் மனத்துக்குள் போட வேண்டியிருக்கும். நான்கு டிரோன்களுக்கும் அப்படிக் கணக்குப் போட யாராலும் முடியாது. "திரும்ப 4 நிமிடம் வேண்டும், இருப்பு 6 நிமிடம்" என்று காட்டுங்கள். இருப்பு குறையக் குறைய வரி மஞ்சளாகட்டும். சிவப்பை, உடனே கைவைக்க வேண்டிய நிலைக்கு மட்டும் ஒதுக்குங்கள்.

படி 4: கட்டளை யாருக்கு?

நான் வடிவமைத்த முதல் திரையில் "தரையிறக்கு" என்று ஒரே பொத்தான்தான் இருந்தது. மூன்றாவது டிரோனைப் பார்த்துக்கொண்டே அதை அழுத்தினேன். திரையில் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தது இரண்டாவது, அது சிமுலேட்டரின் ஏரியில் இறங்கியது. (சிமுலேட்டர் என்பதால் பர்ஸ் தப்பியது.) அன்று முதல் என் பொத்தானில் "டிரோன் 3-ஐத் தரையிறக்கு" என்றே எழுதியிருக்கும்.

எந்த முடிவைத் தானியங்கியிடம் விடுவது என்பதும் இங்கேயே தீர்மானிக்க வேண்டியது. மனிதருக்கும் கணினிக்கும் வேலையைப் பிரிப்பதற்கு ஷெரிடன், வெர்பிளாங்க் என்ற ஆய்வாளர்கள் 1978-இல் வகுத்த பத்து நிலைகளில், குறித்த நேரத்துக்குள் மனிதர் தடுக்காவிட்டால் கணினியே செயல்படுவதும் ஒன்று. பேட்டரி குறைந்து, புறப்பட்ட இடத்துக்குத் திரும்புவதற்கு அது பொருந்தும். புதிய இடத்தில் இறங்குவதற்கு மனிதரின் ஒப்புதல் கட்டாயம்.

படி 5: திரையை மூடிக் கேளுங்கள்

திரையைப் பார்த்திராத நண்பர் ஒருவரை உட்கார வைத்து, இரண்டு கோளாறுகளைச் சேர்த்து உண்டாக்கி, சட்டென்று திரையை மூடிவிடுங்கள். எந்த டிரோன் எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது, அடுத்த ஒரு நிமிடத்தில் என்ன செய்யும் என்று கேளுங்கள். என் நண்பர் மூன்றாவது கேள்வியில்தான் தடுமாறினார். அதனால் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் "அடுத்து: 40 விநாடியில் திருப்பம்" என்பதுபோல் ஒரு குறிப்பைச் சேர்த்துவிட்டு, மறுபடி மூடிக் கேட்டேன்.