வார்லி ஓவியம் கற்கும் மும்பைத் தமிழர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மகாராஷ்டிரத்தின் வார்லிப் பழங்குடியினர் சுவரில் எழுதிவரும் வார்லி ஓவியத்தைக் கற்க, மும்பையின் செம்பூர், மாட்டுங்கா பகுதிகளிலிருந்து வரும் தமிழ் இளையோர் பலர், நான் கற்ற காலத்தில் செய்த அதே பிழைகளைச் செய்கிறார்கள். கோடு நடுங்குவதும் மாவு நீர்த்துப்போவதும் கை பழகினால் சரியாகிவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதல் பார்வையிலேயே "நம் கோலம்தான்" என்பது

அரிசிமாவு, பெண்களின் கை, வீட்டு மங்கலம் ஆகிய மூன்றும் ஒத்திருப்பதால் இந்த எண்ணம் எழுவது இயல்புதான். ஆனால் எண்ணம் எழுந்தவுடன் கவனிப்பது நின்றுவிடுகிறது. எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது அதுதான்.

லக்ன சௌக் என்னும் திருமண ஓவியத்தை, மண்ணும் சாணமும் மெழுகிய உட்சுவரில், நுனியை மென்று தூரிகையாக்கிய மூங்கில் குச்சியால், அரிசிமாவைக் கரைத்துச் சுமங்கலிப் பெண்கள் எழுதுகிறார்கள். அணிக்கரைகள் சூழ்ந்த சதுரத்தின் நடுவே தாய்த்தெய்வமான பாலகாட் தேவி இருக்க வேண்டும்; அவள் இல்லாமல் திருமணம் நடவாது. தவளேரி எனப்படும் பெண் பூசாரி பாடுவதும் அந்தத் திருமணச் சடங்கில் அடங்கும்.

கோலத்தில் தேர்ந்த ஒரு மாணவி, இந்தச் சதுரத்தை "அவர்களுடைய படிக்கோலம்" என்று முடிவுசெய்து, தேவியை நீக்கிப் பிள்ளையாரை வைத்து, தன் அக்காவின் திருமண அழைப்பிதழாக அச்சடித்துவிட்டார். வார்லி மக்கள் வாழும் தகாணு வட்டத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த மூதாட்டியிடம் அதை மகிழ்ச்சியோடு நீட்டியபோது, அவர் நடுச்சதுரத்தில் விரலை வைத்து, "தேவி எங்கே?" என்று கேட்டார். அழைப்பிதழ்கள் அனைத்தும் மறுபடி அச்சாயின. பணம் போனதைவிட, அத்தனை நாள் அருகில் அமர்ந்திருந்தும் அந்தச் சதுரம் எதற்காக என்று மாணவி ஒருமுறைகூடக் கேட்கவில்லை என்பதே எனக்கு வருத்தம்.

பிறகு, ஒற்றுமைகளை ஒதுக்கிவிட்டு வேறுபாடுகளை மட்டும் எழுதிவரும்படி அந்த மாணவியிடம் சொன்னேன். சௌக் உள்ளே, திருமணத்துக்கென்று எழுதப்படுவது. வாசல் கோலமோ நாள்தோறும் இடப்பட்டு, மிதிபட்டும் எறும்புக்கு இரையாகியும் மறுநாள் பெருக்கப்படுவது. நடுவில் தேவி இல்லாவிட்டால் சௌக் நிறைவு பெறாது; சிக்குக்கோலத்துக்கோ புள்ளியும் சுற்றிவரும் கோடுமே போதும், உருவம் தேவையில்லை. "அழியப்போவதை இவ்வளவு கவனமாக ஏன் இடுகிறோம்?" என்று அவர் தன் பாட்டியிடம் கேட்டது அதன் பிறகுதான். சிறுவயது முதல் இட்டுவந்த கோலத்தைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது.

ஓவியர்களைப் பெயரில்லாமல் பேசுவது

"பழங்குடி ஓவியம்" என்று பொதுவாகச் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். பெண்கள் சடங்குக்காக எழுதிவந்த கலையை 1970களில் தாளுக்கும் துணிக்கும் கொண்டுசென்று, அன்றாட வாழ்வையும் அதில் வரைந்தவர் ஜிவ்யா சோமா மஷே (1934–2018). 2011இல் பத்மஸ்ரீ பெற்றவர். அவர் பெயர் தெரியாமல் தூரிகையைத் தொடுவது மரியாதையாகாது.

பழங்காலத்து மக்களாகவே நினைப்பது

ஆரே பகுதியிலும் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவிலும், நம் நகருக்குள்ளேயே வார்லிக் குடும்பங்கள் வாழ்கின்றன. முதலில் அவர்களோடு பேசுங்கள்.

அக்ரிலிக்கில் தொடங்குவது

வேண்டாம்.

கற்றதை உடனே விற்பது

உறவினர் வீட்டுப் புதுமனைப் புகுவிழாவுக்கு வார்லி ஓவியம் தேவையென்றால், தகாணுவின் ஓவியர் ஒருவரிடமே வாங்கி, அவர் பெயரைச் சொல்லிப் பரிசளியுங்கள்.